பதினான்காம் கேள்விக்கு அப்பா சொன்ன பதில்

ஏப்ரல் 23, 2025. புதன்.

பரீட்சை அறையில் இன்று ஒருத்தியைப் பிடித்தேன். சங்கிலியம்மாள், இரண்டாம் ஆண்டுப் பொருளாதாரம், மார்க்கையன்கோட்டைப் பெண். என் வகுப்புதான். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள்.

"இந்த ஒருவாட்டி விட்ருங்க மேடம். எங்கம்மா நாத்து நடப் போயித்தான் படிக்க வைக்கிறாக" என்று காலில் விழப் பார்த்தாள். விடவில்லை. சீட்டைப் படம் எடுத்தேன், அறிக்கை எழுதினேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினேன்.

பக்கத்து அறையில் இருந்தவர் "பாவம், விட்டிருக்கலாமே" என்கிறார். பாவமாம்! பார்க்காமல் எழுதி நாற்பது வாங்குகிறவள் பாவமில்லையா? பத்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. இத்தனை வருடத்தில் எனக்கென்று நான் காப்பாற்றி வைத்திருப்பது இது ஒன்றுதான்: சகாயராணி அறையில் எவளும் பார்த்து எழுத முடியாது.

ஏப்ரல் 24, வியாழன்.

துறைத்தலைவர் ஹேமாவதி மேடம் கூப்பிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். வினோத்ராஜின் முனைவர் பட்ட ஆய்வேடு. வினோத்ராஜ் எங்கள் கல்லூரிச் செயலரின் மருமகன். அவருக்கும் எனக்கும் ஹேமாவதி மேடம்தான் நெறியாளர். நான் ஆய்வுக்குப் பதிவு செய்து ஐந்து வருடம், அவர் மூன்று. அவருடையது முடிந்துவிட்டது. என்னுடையது மேடத்தின் மேசை இழுப்பறையில் இரண்டாம் அத்தியாயத்தோடு தூங்குகிறது.

"இங்கிலீசு மட்டும் ஒரு பார்வை பாத்துரும்மா. மே கடைசில சமர்ப்பிக்கணும். ஜூன்ல உன் ஒப்பந்தம் வேற புதுப்பிக்க வருதுல்ல..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே எரிகிறது.

ஏப்ரல் 26, சனி.

எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆய்வேடு கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளும் பூச்சிமருந்துப் பாதுகாப்பும் பற்றியது. ஓடைப்பட்டி சுற்றுவட்டாரத்தில் நூற்றெண்பது விவசாயிகளை நேரில் பார்த்துப் படிவம் நிரப்பினார்களாம். ஐந்து அத்தியாயத்துக்கும் காற்புள்ளி போட்டு முடித்துவிட்டுப் பின்னிணைப்புக்கு வந்தேன். பதில் சொன்னவர்களின் பெயர்ப் பட்டியல்.

112. ம. அந்தோணிமுத்து, வயது 54.

அப்பா பெயர். சரி, எங்கள் ஊரில் அந்தோணிமுத்து தெருவுக்கு இரண்டு பேர் என்று அடுத்த வரிக்குப் போனேன்.

113. ம. ஆரோக்கியமேரி. அத்தை பெயர்.
114. சவரிமுத்து. அம்மா வழித் தாத்தா.
115. ஜான்போஸ்கோ, வயது 38, பட்டதாரி. பன்னீர் திராட்சை, மூன்று ஏக்கர்.

ஜான்போஸ்கோ எனக்கு முன்னால் பிறந்தவன். ஒன்பது நாள் இருந்தான். ஒன்பதே நாள்! அவனைப் பட்டதாரி ஆக்கி மூன்று ஏக்கரும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பா இறந்து ஆறு வருடம். 2024 பிப்ரவரி 11 அன்று அவரை நேரில் சந்தித்தார்களாம். எங்கே சந்தித்தீர்கள் வினோத்ராஜ் சார்? கல்லறைத் தோட்டத்திலா?

ஏப்ரல் 27, ஞாயிறு.

பூசையில் மனம் நிற்கவில்லை. அப்பா, அத்தை, தாத்தா, ஜான்போஸ்கோ. இந்த வரிசை எனக்குத் தெரிந்த வரிசை. எங்கே, எங்கே என்று குடைந்துகொண்டே இருந்தது. சாமியார் மரித்தோருக்காக மன்றாடுவோம் என்றதும் பளிச்சென்று வந்துவிட்டது.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் வீட்டு இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வின்சென்ட் அண்ணன் அன்பியம், அதாவது தெருக்குழு வாரியாகத் தட்டச்சு செய்து வைப்பார், பூசையில் வாசிக்க. அம்மா ஒவ்வொரு வருடமும் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுக்கும் வரிசை அது. கடைசியில் ஜான்போஸ்கோ. அவன் பெயரை எழுதும்போது மட்டும் பேனாவை அழுத்துவாள்.

கோவில் பட்டியல் வினோத்ராஜுக்கு எப்படிப் போனது?

வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் தேடினேன். 2023 நவம்பர். "உங்க ஊர்ல திராட்சை போடுறவங்க பேர் ஒரு லிஸ்ட் வேணும்மா" என்று மேடம் கேட்டிருக்கிறார். நான் வின்சென்ட் அண்ணனிடம் ஊர்க் குடும்பப் பட்டியல் கேட்டிருக்கிறேன். அவர் இரண்டு கோப்பு அனுப்பியிருக்கிறார்: ஒன்று குடும்பப் பட்டியல், இன்னொன்று அந்த வாரம் பூசையில் வாசிக்க வைத்திருந்தது. இரண்டிலும் அன்பியத்தின் பெயர், கீழே ஆட்களின் பெயர். பூசைப் பட்டியலைத்தான் நான் மேடத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதோ மேடம்" என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

நான்தான். என் அப்பாவை நான்தான் அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்.

துறை அலமாரியில் படிவக் கட்டு இருந்தது. 112-ஐ உருவினேன்.

கேள்வி 14: மருந்து கலக்கும்போதும் அடிக்கும்போதும் முகக்கவசம் அணிவீர்களா? எப்போதும் / சில நேரம் / ஒருபோதும் இல்லை.

அப்பா 'எப்போதும்' என்று குறியிட்டிருக்கிறார்.

அப்பா முப்பது வருடம் திராட்சைக்கு மருந்தடித்தார். ஞாபகம் வந்தால் ஒரு துண்டை நனைத்து மூக்கில் கட்டுவார், பாதிப் பந்தல் போவதற்குள் அது கழுத்துக்கு வந்துவிடும். கடைசி ஒன்றரை வருடம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். நுரையீரல் காய்ந்துபோயிருக்கிறது, என்ன வேலை பார்த்தார் என்றுதான் தேனியில் டாக்டர் முதலில் கேட்டார்.

எப்போதுமாம். மனுசனா இவனுக?

ஆய்வேட்டின் முடிவுரையை மறுபடி படித்தேன். தொண்ணூற்று நான்கு சதவீத விவசாயிகள் முகக்கவசம் அணிகிறார்கள். ஆகவே இலவசப் பாதுகாப்புக் கருவி கொடுக்கும் திட்டம் இந்த வட்டாரத்துக்கு அவசியமில்லை. சனிக்கிழமை இந்த வாக்கியத்துக்கு நான் காற்புள்ளி போட்டிருக்கிறேன்! பிறரைப் பார்த்து எழுதியதா என்று கணினி பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் வெறும் எட்டு சதவீதம், வெற்றிகரமாகத் தேறிவிட்டது. தேறாமல் என்ன செய்யும்? இந்தப் பொய்யை இதற்கு முன்னால் யாரும் எழுதவில்லையே.

இன்னொன்று. அப்பாவின் பெயரில் கையெழுத்துப் போட்ட கையை எனக்குத் தெரியும். கைப்பேசியில் புதன்கிழமை எடுத்த படத்தை வைத்துப் பார்த்தேன். அதே சாய்ந்த எழுத்து, அதே நீண்ட வால்.

சங்கிலியம்மாள்.

ஏப்ரல் 30, புதன்.

மார்க்கையன்கோட்டை போனேன். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரவேண்டும் என்று கொதித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். படிவத்தின் படத்தைக் காட்டினேன்.

"ஆமா மேடம், நாந்தான் எழுதுனேன். ஹேமாவதி மேடம் பதினஞ்சு பேர உக்காரவச்சு ஆளுக்குப் பன்னெண்டு குடுத்தாக. பேரு லிஸ்ட்ல இருக்கு, வயசு, படிப்பு, ஏக்கர் எல்லாம் நீங்களாப் போட்டுக்கங்க, நல்ல பதிலா எழுதுங்கன்னாக. ஒரு மத்தியானத்துல முடிச்சோம்."

"எதுக்குடி எழுதுனீங்க?"

"அகமதிப்பீட்டு மார்க்குக்கு மேடம்."

அது என் அப்பா பெயர் என்றேன். அவர் செத்து ஆறு வருடம் ஆகிறது என்றேன். முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கி அங்கன உக்காந்து எழுதுனதுக்கு இருபத்தஞ்சுக்கு இருபத்துநாலு போட்டீக. போன வாரம் எழுதுனதுக்கு வெளிய அனுப்பிட்டீக. எது தப்பு, எது சரின்னு நா எப்பிடி மேடம் கண்டுபிடிக்கிறது?"

போட்டீக என்கிறாள். போட்டாக என்று சொல்லவில்லை. நான் எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை என்று வாய்வரை வந்தது. அந்தப் பருவத்து மதிப்பெண் பட்டியலில் மேடத்துக்குப் பதில் கையெழுத்துப் போட்டது நான். இருபத்துநாலு எதற்கு என்று கேட்கவே இல்லை.

அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

மே 2, வெள்ளி.

ஹேமாவதி மேடத்திடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"லிஸ்ட் யாரு குடுத்தா?"

"நான்தான் மேடம்."

"அப்ப? வெளிய வந்தா முதல்ல யாரு பேரு வரும்? நான் உனக்காகத்தாம்மா சொல்றேன். செத்தவக பேரா எத்தனை?"

"முப்பத்தெட்டு."

"உசுரோட இருக்கவக முப்பத்தெட்டுப் பேர அந்த எடத்துல போடு. உன் ஊரு, உனக்குத் தெரியாத ஆளா? உன் ரெண்டாவது அத்தியாயத்த இந்த மாசமே பாத்துத் தந்துர்றேன்."

வெளியே வரும்போது வினோத்ராஜ் காரில் இருந்தபடியே கேட்டார்: "மேடம், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிருங்க. அந்த லிஸ்ட்டையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

நான் படித்தேனடா. நான் படித்தேன்!

மனசுக்குள்தான் கத்தினேன்; அவரிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மே 4, ஞாயிறு.

பூசை முடிந்து வந்து உட்கார்ந்து பதினோரு பெயர் மாற்றிவிட்டேன். ஆமாம், மாற்றினேன். எனக்கு வேலை வேண்டும். முப்பத்தைந்து வயதில் வேறு எந்தக் கல்லூரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கப் போகிறது?

112-க்கு வந்ததும் அம்மா பெயரைப் போட்டேன். ஜெயமேரி, வயது 60. அப்பா போனபின் ஒரு ஏக்கர் பந்தலை அவள்தான் பார்க்கிறாள். ஆள் வைத்து மருந்தடித்தாலும் டிரம்மில் ஊற்றிக் கலக்குவது அவள். கேள்வி 14, எப்போதும். எல்லாம் பொருந்திப் போனது.

அம்மா தோட்டத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருமினாள். வெறும் தூசி இருமலாக இருக்கலாம். எனக்குக் கை ஓடவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படிவம், பட்டியல், ஜான்போஸ்கோ, எல்லாம். திண்டாடித் திண்டாடிச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது இதுதான்:

"அவனுக்கு மூணு ஏக்கர் குடுத்திருக்காகளா?"

"ஆமாம்மா."

"பட்டதாரின்னா போட்டிருக்காக?"

"ஆமா."

சிரித்தாள். அழுகையாகத்தான் முடிந்தது அந்தச் சிரிப்பு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப நீ என்ன எழுதிக்கிட்டிருக்க?" என்றாள்.

காட்டினேன். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏன் ஆத்தா, செத்தவகள எழுப்பி எழுதுனது அவுக. உசுரோட இருக்கவள வச்சு நீ எழுதுறியா?"

அவ்வளவுதான். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பதினோரு பெயரையும் அழித்தேன். என்ன பொழப்பு இது, தூ!

மே 9, வெள்ளி.

பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். உத்தமபாளையம் தபால் நிலையத்தில் ரசீது வாங்கி இந்த நோட்டுக்குள் வைத்தேன். நாலு பக்கம். இரண்டாம் பத்தியிலேயே எழுதிவிட்டேன்: பெயர்ப் பட்டியலை அனுப்பியவள் நான். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் கையெழுத்திட்டவளும் நான். மதிப்பெண்ணுக்காக எழுத வைக்கப்பட்ட மாணவிகளைத் தண்டிக்கக் கூடாது.

ஆதாரத்துக்குக் கல்லறைப் பதிவேட்டின் நகல் வேண்டியிருந்தது. வின்சென்ட் அண்ணன் முதலில் தயங்கினார். "கோயில் புஸ்தகத்த வெளிய குடுத்தா சாமியார் என்னைய ஏசுவாகம்மா. ஏற்கெனவே நா அனுப்புனதுல வந்த வினதான இது?" பிறகு பட்டியலை விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவர் 131-இல் நின்றுவிட்டார். இறந்துபோன அவருடைய மனைவி. படிவத்தின்படி மருந்தடிக்கும்போது கையுறை போடுவாராம். அந்த அக்கா தையல்காரி, வாழ்நாளில் திராட்சைத் தோட்டத்தில் ஒரு குலை வெட்டியதில்லை.

பீரோவைத் திறந்தார். சாமியாரிடம் தானே கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்து கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்.

கல்லூரி திறந்தது. கௌரவ விரிவுரையாளர் பட்டியலில் என் பெயர் இல்லை. அது மட்டும் சரிபார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

ஜூலை 3, வியாழன்.

சின்னமனூரில் ஒரு டியூஷன் சென்டர். பிளஸ் டூ வணிகவியல். பழைய சகாக்கள் யாரும் கூப்பிடுவதில்லை. பஸ்ஸில் ஒருவர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர். இரு, இரு. உன் பெயரும் ஒருநாள் ஏதாவது பட்டியலில் வரும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

விசாரணை. மூன்று பேர் குழு. ஹேமாவதி மேடம் நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருந்தார். "மாணவிகள் தாமாகக் களத்துக்குப் போகாமல் ஏமாற்றிவிட்டார்கள், நானும் பாதிக்கப்பட்டவள்தான்" என்றார். கண் கலங்கக்கூடச் செய்தார்! பதினைந்து பெண்களையும் ஒரே மூச்சில் பலி கொடுத்துவிட்டார். எனக்குக் கோபத்தில் குரல் உடைந்துவிட்டது, கத்தினேன், குழுத் தலைவர் இரண்டு முறை உட்காரச் சொன்னார்.

பதினைந்து பேரில் பதினாலு பேர் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் அதே கல்லூரியில் படிக்க வேண்டியவர்கள், என்ன செய்வார்கள்? ஒருத்தி மட்டும் நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தலைவர் அதை எடுத்துக் காட்டியபோது தூரத்திலிருந்தே தெரிந்தது, சாய்ந்த எழுத்து.

கடைசியில் தலைவர் என்னைக் கேட்டார்: "இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்கிறீர்கள்?" கோபத்தோடே சொன்னேன்: "பதில் சொன்னவருடைய தொலைபேசி எண் படிவத்தில் இருக்கட்டும். பத்தில் ஒருவரை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். என் அப்பா எடுத்தால் பட்டம் கொடுங்கள்."

அக்டோபர் 17, வெள்ளி.

முடிவு வந்தது. ஆய்வேடு நிராகரிப்பு, புதிதாகக் களஆய்வு செய்து ஓராண்டுக்குப் பிறகு சமர்ப்பிக்கலாம். ஹேமாவதி மேடம் இரண்டு வருடம் புதிய ஆய்வாளர்களை எடுக்கக் கூடாது. துறைத்தலைவர் பதவி அப்படியே. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. நெறியாளரை மாற்றிக்கொள்ள அனுமதி.

இவ்வளவுதானா? இதற்குத்தானா? செத்தவர்களை எழுப்பினால் ஓராண்டு. ஹால் டிக்கெட்டில் சீட்டு ஒட்டிய சங்கிலியம்மாளுக்கும் பரீட்சை எழுத ஓராண்டுத் தடை. அவளுக்காக இரண்டு மனு போட்டேன். விதி விதிதானாம். அறிக்கை வலுவாக எழுதப்பட்டிருக்கிறதாம். எழுதியது யார்? நான்.

அவளுக்குப் போன் செய்தேன். "பரவால்ல மேடம், ஏப்ரல்ல எழுதிக்கிறேன். பாக்காமத்தான் எழுதுவேன்" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்வதுதான் தாங்க முடியவில்லை.

முடிவோடு வந்த சுற்றறிக்கையின் கடைசி வரி: இனிமேல் கள ஆய்வுப் படிவங்களில் பத்து சதவீதத்தைப் பல்கலைக்கழகமே தொலைபேசியில் சரிபார்க்கும்.

நவம்பர் 2, ஞாயிறு.

கல்லறையில் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் வீட்டு வரிசையில் நான்கு பேரும் இருந்தார்கள். வின்சென்ட் அண்ணன் ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தினார்.

நவம்பர் 8, சனி.

புதிய நெறியாளர் மதுரையில் இருக்கிறார். என் தலைப்பை இதே பூச்சிமருந்துப் பாதுகாப்புக்கு மாற்ற வேண்டும் என்றேன், பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. படிவம் நானே தயாரித்தது. கேள்வி 14-ஐ மட்டும் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

முதல் படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குப் போனேன். அம்மா பந்தலுக்குக் கீழே நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?" என்றாள், விளையாட்டுக்கு.

"ஆய்வாளருங்க. ஒரு அரை மணி நேரம் ஆகும்."

"அரை மணியா? அவுக ஒரு மத்தியானத்துல நூத்தெம்பது பேரப் பாத்தாகளே!"

வயது, படிப்பு, நிலம் எல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். ஒரு ஏக்கரா என்றதற்கு, "வரப்புப் போக எம்பத்தெட்டு செண்டு, சரியா எழுது" என்றாள். பதினான்காம் கேள்விக்கு வந்தேன். முழுக்க வாசித்தேன், மூன்று பதில்களையும்.

"ஒங்கப்பாரு எப்பவும் போட்டாராமே?" என்றாள். கொடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நா ஒருநாளும் போட்டதில்ல. யாரும் குடுத்ததும் இல்ல. அதையும் எழுது."

ஒருபோதும் இல்லை. குறியிட்டேன். அவள் சொன்னதையும் ஓரத்தில் எழுதினேன். தொலைபேசி எண் கேட்டேன். அது அவளுக்குத் தெரியாது, நானே போட்டேன். "மதுரைல இருந்து யாராச்சும் கூப்பிடுவாகம்மா, எடுத்துப் பேசு" என்றேன்.

"கூப்பிடட்டும். நா இருக்கேன்ல."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். நான்கு எழுத்துதான். போட்டு முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் காகிதத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றேன்.